வாட்டம் மேஸ்திரி போட்ட மட்டத் தரை

அந்த ஊரில் மூடிப்போன ஓட்டல்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்வார்கள். ஒருவர் காப்பியைச் சொல்வார். ஒருவர் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருந்த ஆளுயரக் கண்ணாடியைச் சொல்வார். பரீட்சையில் பெயிலான அன்று நேராக அங்கே போய் வயிறு முட்டச் சாப்பிட்டதை இன்னொருவர் சொல்வார். வாட்டம் மேஸ்திரி மட்டும் தரையைச் சொல்வார். அதுவும் மேசை நாற்காலி போட்ட முன்கூடத்துத் தரையை இல்லை, சமையற்கட்டுத் தரையை.

சாப்பிட வருகிற யாரும் பார்க்காத தரை அது. ஊரில் இருந்த ஒன்பது ஓட்டல்களுக்கும் அதைப் போட்டவர் அவர்தான். முப்பத்திநாலு வருஷம் ஒன்பதிலும் பின்வாசல் வழியாகவே போய்வந்தார். முன்வாசலில் எத்தனை படி என்று கேட்டால் விழிப்பார்.

சமையற்கட்டுத் தரைக்கு ஒரு சூட்சுமம் உண்டு. பார்த்தால் மட்டமாக இருக்க வேண்டும், அண்டாவை வைத்தால் ஆடக் கூடாது. ஆனால் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால், துடைப்பத்துக்கு வேலை வைக்காமல் அதுவாகவே மூலையில் இருக்கும் சாக்கடை ஓட்டையைத் தேடிப் போய்விட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவைத்தான் தொழிலில் வாட்டம் என்பார்கள். மற்ற கொத்தனார்கள் நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, குமிழியைப் பார்த்துப் பார்த்து வாட்டம் கொடுத்தார்கள். இவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையைத் தோளில் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். அவ்வளவுதான்.

"கண்ணு இருக்கும்போது கருவி எதுக்கு?" என்பார்.

வேலை முடிந்து தரை இறுகியதும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று முதலாளியும் கொடுப்பார். இவர் அதை வாசல் ஓரமாகத் தரையில் ஊற்றுவார். தண்ணீர் கொஞ்சம் யோசிக்கும். பிறகு கிளம்பும். மூலையைச் சேர்ந்து, ஓட்டைக்குள் இறங்கி, ஒரு குமிழி விடும் வரை மேஸ்திரியும் மூச்சு விட மாட்டார். வாட்டம் மேஸ்திரி என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஒன்பது ஓட்டலும் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. ஒன்றில் அண்ணன் தம்பி சண்டை. ஒன்றில் முதலாளியின் பிள்ளைகள் வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டு அடுப்புப் பக்கமே திரும்பவில்லை. இன்னொன்றின் முன்னால் மேம்பாலம் வந்து, வண்டிகளெல்லாம் அதன் தலைக்கு மேலே போக ஆரம்பித்தன. கட்டடங்கள் பாவம் என்ன செய்யும், கிடைத்த வேலையைப் பார்த்தன. முக்கு ஓட்டல் மருந்துக்கடை ஆயிற்று. பச்சைக் கதவு ஓட்டலில் தையல் வகுப்பு வந்தது. ரயிலடி ஓட்டலில் மனு எழுதிப் பதிவுசெய்து தரும் கம்ப்யூட்டர் ஆபீஸ். வந்தவர்கள் சுவருக்கு வண்ணம் அடித்தார்கள், கூரைக்குக் கீழே இன்னொரு கூரை போட்டார்கள், மூலை ஓட்டையை சிமென்ட் வைத்து அடைத்தார்கள். தரையை யாரும் தொடவில்லை. தரை நன்றாகத்தானே இருந்தது.

தையல் வகுப்பில் நூல்கண்டு கைதவறி விழுந்தால் யாரும் குனிந்து தேடுவதில்லை. "அந்த மூலையில பாரு" என்று தையல்காரம்மா தலைநிமிராமல் சொல்லிவிடுவார். மருந்துக்கடையில் காலையில் தொலைந்த புட்டி மூடிகளெல்லாம் சாயங்காலத்துக்குள் ஒரே மூலையில் கூட்டம் போட்டுவிடும். இதையெல்லாம் கேள்விப்படும்போது மேஸ்திரிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும்.

கம்ப்யூட்டர் ஆபீசில் மட்டும் கதை வேறு. முகவரி மாற்றுவதற்காக மனைவியோடு அங்கே ஒருநாள் போயிருந்தார். சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். பிடியை விட்டால் நாற்காலி மெல்ல மூலையைப் பார்த்துக் கிளம்பியது.

"இந்தத் தரையைப் போட்ட புண்ணியவான் மட்டும் என் கையில கிடைக்கட்டும்" என்றாள் அவள்.

மனைவி அவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் சொன்னார்: "ஒரு டம்ளர் தண்ணி ஊத்திப் பாத்திருந்தா அந்தப் பொண்ணு அப்படிச் சொல்லியிருக்காது."

"ஆபீஸ்ல எதுக்குங்க தண்ணி ஊத்தணும்?"

"அதைத்தான் சொல்றேன். ஊத்தாம எப்படித் தெரியும்?"

"நம்ம வீட்டுல ஊத்தினா வெடிப்புக்குள்ள போயிடும்" என்றாள் அவள்.

அது அவருக்கு வலிக்கிற இடம். ஊரார் சமையற்கட்டுக்கெல்லாம் தரை இழைத்துக் கொடுத்த மனிதரின் வீட்டில், குடிவந்த நாளில் பூசிய சிமென்ட் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அடுத்த மாசம், அடுத்த மாசம் என்றே இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டார். ஒரே மகள் நடை பழகியதே அந்த வெடிப்புகளைத் தாண்டித்தான். அவள் வளர்ந்து, மற்றவர்களுக்கு நடை பழக்கும் படிப்பாகப் பார்த்துப் படித்து, ஆஸ்பத்திரி ஒன்றில் நாலு வருஷம் பிசியோதெரபி வேலை பார்த்தாள். ஒரு புதன்கிழமை சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"அப்பா, தனியா நடத்த இடம் கிடைச்சிடுச்சு. கடைத்தெரு ஓட்டல் இருந்துச்சுல்ல? முன்பாதி செல்போன் கடைக்குப் போயிடுச்சு. பின்பாதி நமக்கு."

"பின்பாதின்னா சமையற்கட்டும்மா."

"ஆமாம்பா."

மேஸ்திரியின் முகம் விரிந்தது. "நான் போட்டதுலயே நல்ல தரை அதுதான். கண்ணாடி மாதிரி வாட்டம்."

"தெரியும்பா. அதுதான் பிரச்சினை."

அவள் பொறுமையாகச் சொன்னாள். பக்கவாதம் வந்து எழுந்தவர்களுக்குக் காலில் பாதி உணர்ச்சிதான் இருக்கும். தரை ஒரு நூல் அளவு சாய்ந்திருந்தாலும் உடம்பு அந்தப் பக்கம் போகும். ஒருமுறை விழுந்துவிட்டால் அப்புறம் கால் ஒப்புக்கொண்டாலும் மனசு நடக்க விடாது. முதலில் வரப்போவது அவளுக்கே பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர். ஐந்து மாதமாக வாக்கரை விட்டுக் கையெடுக்காதவர்.

"இந்தத் திங்கள் இல்ல, அடுத்த திங்கள் வராங்க. அதுக்குள்ள தரையை மட்டமாக்கணும்பா."

"அப்ப அதை உடைக்கணும்" என்றார் மேஸ்திரி.

"வேணும்னா என் தம்பியைக் கூப்பிடலாம்" என்றாள் மனைவி. அவளுடைய தம்பியும் கொத்தனார்தான், பெரிய ஆபீஸ் கட்டடங்களுக்குத் தரை போடுகிறவன்.

"அவனா? அவன் போட்ட குளியலறையில மீன் வளக்கலாம்." மேஸ்திரி எழுந்துவிட்டார். "வீட்டுல போடாத தரையை எம் பொண்ணுக்காவது போட்டுடுறேன். இதுல வேற கை படக் கூடாது."

வியாழனும் வெள்ளியும் உடைத்தார். முதல் அடிக்குச் சுத்தியலை ஓங்கியபோது கை ஒரு கணம் நின்றது, பிறகு இறங்கியது. சனிக்கிழமை கலவை போட்டு, தேய்த்து முடித்தார். ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து பார்க்க, டம்ளர் தண்ணீரை ஊற்றினார்.

தண்ணீர் யோசித்தது. பிறகு கிளம்பியது. அடைத்துப்போட்ட ஓட்டை இருந்த மூலைக்குப் போய், வழி கேட்கிற மாதிரி நின்றது.

"கைப்பழக்கம்" என்றார் அவர். "இன்னும் நாள் இருக்கு."

உடைத்து அள்ளி, செவ்வாய்க்கிழமை மறுபடி போட்டார். இந்த முறை முறையாகச் செய்தார். பரணில் கிடந்த ரசமட்டத்தைத் துடைத்து எடுத்துவந்தார். அறை முழுக்க இடைவெளி விட்டுக் கலவைப் புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் மட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்தார். நின்றது. பிறகு, சும்மா ஒரு தடவை, குத்துக்காலிட்டு ஒரு கண்ணை மூடினார்.

அறையின் நடுவிலிருந்து மூலை வரைக்கும் தரை மேடாக ஏறிக்கொண்டிருந்தது. இதில் யாராவது நடந்தால் மலையேறுகிற மாதிரிதான். பழைய ரசமட்டம், பரண் வெக்கையில் கெட்டுப்போயிருக்கும் என்று முடிவுசெய்தார். மூலைப்பக்கத்துப் புள்ளிகளை ஒவ்வொன்றாக, ஒரே ஒரு நூல் அளவு, தட்டி இறக்கினார். இப்போதுதான் கண்ணுக்குச் சரியாக இருந்தது.

புதன்கிழமை ஊற்றிய தண்ணீரும் அதே மூலைக்குப் போயிற்று.

மகள் கவிழ்த்துவைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்து அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"நாளைக்குப் போட்டா திங்கக்கிழமை கால் வைக்கலாம்" என்றாள் கடைசியில். "நாளைக்கும் தப்பிடுச்சுன்னா டீச்சருக்கு போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடுறேன். சரின்னு சொல்ல வைக்கவே அஞ்சு மாசம் ஆச்சுப்பா. மறுபடி கேட்டா வருவாங்களான்னு தெரியல."

மேஸ்திரி சந்துக்குள் இறங்கினார். செல்போன் கடையின் பின்சுவர் ஓரமாக நின்று, மைத்துனனின் எண்ணை அழுத்தினார்.

"மாப்ள, நாளைக்கு வேலை ஏதும் இருக்கா?"

"இருந்துச்சு மச்சான். நேத்தே வேற ஆளை மாத்திவிட்டுட்டேன்."

"எதுக்கு?"

"நீங்க கூப்பிடுவீங்கன்னு அக்கா சொல்லிச்சு."

"உங்க அக்கா ஊர் முழுக்கச் சொல்லிட்டாளா?"

"ஊருக்கு இல்ல, எனக்கு மட்டும்தான். ஏழு மணிக்கு வந்துடுறேன்."

ஏழுக்கு ஐந்து நிமிஷம் முன்பே வந்தான். பழைய கலவையை இருவருமாக அள்ளிப்போட்டார்கள். சிரிப்பான், குத்திப் பேசுவான் என்று மேஸ்திரி தயாராக இருந்தார். அதற்கான பதில்கூட ஒன்றிரண்டு வைத்திருந்தார். அவனோ முதலில் அந்தப் பழைய ரசமட்டத்தை எடுத்து ஜன்னல் திண்டின்மேல் வைத்தான். குமிழியைப் பார்த்தான். முன்பின்னாகத் திருப்பி வைத்தான். குமிழி அதே இடத்தில் நின்றது.

"நல்ல மட்டம் மச்சான். ஒரு குத்தமும் இல்ல."

"அப்ப என் கண்ணு?"

"அதுவும் நல்ல கண்ணுதான். சமையற்கட்டுக்கு."

மேஸ்திரி கொத்துக்கரண்டியை அவன் பக்கம் நீட்டினார். "நீயே போட்டுடு மாப்ள."

அவன் வாங்கவில்லை. "நான் போட்டா புள்ள ஏத்துக்கும். நீங்க ஏத்துக்குவீங்களா? தினம் வாசல்ல வந்து ஒத்தைக் கண்ணை மூடிப் பாப்பீங்க. போடுறது நீங்க. பாக்குறதை மட்டும் எங்கிட்ட விட்டுடுங்க. குத்துக்காலிட்டு உட்காந்தீங்கன்னா நான் கிளம்பிடுவேன், இப்பவே சொல்லிட்டேன்."

அப்படித்தான் அந்த வேலை நடந்தது. மைத்துனன் குமிழியைப் படித்துச் சொல்ல, மேஸ்திரி கலவையை இழுத்துத் தேய்த்தார். குனிந்த கண்ணுக்கு ஓரமாக மேடு தெரிந்துகொண்டே இருந்தது.

"ஏறுது மாப்ள."

"ஏறல மச்சான்."

"டீச்சர் தடுக்கி விழப்போறாங்க. பாவம்டா."

"தேய்ங்க."

மூலைக்கு வந்தபோது கை தானாக அழுத்திற்று. முப்பத்திநாலு வருஷம் அழுத்திய கை. மைத்துனன் அவருடைய மணிக்கட்டின்மேல் இரண்டு விரலை வைத்தான், அவ்வளவுதான். அழுத்தம் குறைந்தது. கண் கூடாது கூடாது என்று கத்திக்கொண்டிருக்க, மேஸ்திரி அந்த மூலையைத் தேய்த்து முடித்து வெளியே வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, தான் போட்ட தரை எப்படி இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் தரை முழுக்க மட்டம் வைத்துப் பார்த்து, சரி என்று மகளிடம் சொன்னான், மேஸ்திரி டம்ளர் கேட்கவில்லை. திங்கட்கிழமை கணக்கு டீச்சர் வந்தார். அவருடைய மருமகன் தாங்கிப் பிடிக்க, வாக்கரோடு சந்தின் படியில் ஏறி உள்ளே போனார். அறையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்த மூலை வரைக்கும் இரண்டு இரும்புக் கம்பிகள் இடுப்பளவு உயரத்தில் பொருத்தப்பட்டிருந்தன. நடுவே டீச்சரை நிறுத்திவிட்டு, மகள் எதிரே பின்னோக்கி நடந்தாள். மேஸ்திரி உள்ளே போகவில்லை. வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றார். பக்கத்தில் மைத்துனன்.

"நீ கணக்குல வாங்கின மார்க்கு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு" என்றார் டீச்சர். பேச்சு ஒரு பக்கமாக இழுத்தது. "உன்னை நம்பி நிக்கிறேன் பாரு."

"அதான் டீச்சர் கணக்கே வேண்டாத படிப்பாப் படிச்சேன். வாங்க."

ஒரு அடி. இன்னொரு அடி. அறையின் நடுவில் டீச்சர் நின்றுவிட்டார். சரியாக அந்த இடத்தில்தான் மேஸ்திரியின் கண்ணுக்கு மேடு தொடங்கியது. வாசலில் நின்ற மேஸ்திரியின் வலதுகால் விரல்கள் செருப்புக்குள் மடங்கின. கையிலோ கண்ணிலோ தப்பு இருந்தால் அது இப்போது தெரிந்துவிடும்.

"கையை விடட்டுமா?" என்றார் டீச்சர்.

"உங்க இஷ்டம் டீச்சர். நான் இங்கேயேதான் இருக்கேன்."

டீச்சர் இடது கையை எடுத்தார். உடம்பு எந்தப் பக்கம் போகிறது என்று கவனிப்பவர்போலக் கொஞ்ச நேரம் நின்றார். எந்தப் பக்கமும் போகவில்லை. வலது கையையும் எடுத்தார். நாலு அடி, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு யோசனை. மூலைச் சுவரில் உள்ளங்கையைப் பதித்தபோது மகள் சிரித்தாள், டீச்சர் சிரிக்கவில்லை. திரும்பிப் போக எத்தனை அடி என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைக்க நேரமாயிற்று.

"ஏறிட்டாங்க மாப்ள" என்றார்.

"மேடே இல்ல மச்சான்."

"தெரியும்டா. ஆனாலும் ஏறிட்டாங்க."