ஓரகத்தி கேட்ட அர்த்தம்

அரிமளத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, உரக்கடை மாடியில், ‘அன்பு ஸ்போக்கன் இங்கிலீஷ்’ என்று ஒரு பலகை தொங்கும். அதை நடத்துகிற அன்புமொழி எம்.ஏ., பி.எட். படித்தவள். ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறிவிட்டு, அரசு வேலைக்குக் காத்துக் காத்துக் கண் பூத்துப்போனவள். யாராவது, “சென்டர் எப்படிம்மா ஓடுது?” என்று கேட்டால், “ஏதோ ஓடுதுங்க” என்பாள். இந்தப் பக்கம் எல்லோருக்கும் அதே பதில்தான். சிங்கப்பூர்ச் சம்பாத்தியத்தில் மாடி கட்டிக் கார் வாங்கியவரும், கண் பட்டுவிடுமோ என்று அதையேதான் சொல்வார். என்ன, அன்புமொழி சொன்னால் மட்டும் அது பச்சை உண்மை.

அவளுடைய வயிற்றெரிச்சல் ஒரே வாசலுக்குள் குடியிருந்தது. பெயர் சரண்யா. கணவனுடைய தம்பி பெண்டாட்டி, ஜெகதாப்பட்டினத்துப் பெண். கல்லூரியைப் பாதியில் விட்டவள். நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, குழாயடியில் உட்கார்ந்து மீன் ஆய்ந்தபடியே, தினம் ஓர் இங்கிலீஷ் வார்த்தையைப் போன் முன்னால் விளக்குவாள். ஊரே பார்த்தது. அன்புமொழியிடம் படிக்கிற பிள்ளைகளும் பார்த்தார்கள். “சரண்யாக்கா சொன்னா சட்டுனு புரியுது மிஸ்” என்று ஒருத்தி வகுப்பிலேயே சொல்லிவிட்டாள். இலக்கணத்தோடு மாரடித்தே இளமையைத் தொலைத்தவளுக்கு எப்படி இருக்கும்? மீன் செதிலுக்கு இருக்கிற மவுசு எம்.ஏ.வுக்கு இல்லையே என்று அன்று அடுக்களையில் பாத்திரமெல்லாம் அடி வாங்கியது.

இந்த நேரத்தில்தான் திருமயத்தில் ஒரு தனியார் பள்ளியின் தாளாளர் கண்ணுசாமி, இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்க ஆள் தேடினார். அன்புமொழி பஸ் ஏறி, நேரிலேயே போய்க் கேட்டாள். இதையும் விட்டால் ஆயுசுக்கும் உரக்கடை மாடிதான்.

“ஒங்க வீட்டுலயே இன்னொரு பொண்ணு வீடியோ போடுதாமே? எம் பேத்தி விடாமப் பாக்குது. ரெண்டு பேருல யாருன்னு யோசிச்சுச் சொல்றேம்மா” என்றார் அவர்.

நாற்காலி கேட்கப் போனவள் அவள். உட்காரப் போகிறவள் வீட்டில் வஞ்சிரம் அறுத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வருகிற வழியெல்லாம் அன்புமொழிக்கு நெஞ்சு காந்தியது.

மறுநாள் காலையில் சரண்யாவே வந்து நின்றாள். புரியாத வார்த்தை என்றால் அவள் இங்கேதான் வருவாள்.

“அக்கா, ‘கெட் பை’ன்னா என்னக்கா? இன்னைக்கு அதத்தான் போடப் போறேன்.”

அன்புமொழிக்கு அது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். வருகிற கொஞ்சத்தை வைத்துக்கொண்டு எப்படியோ பொழுதை ஓட்டுவது. அரைகுறை இந்தியோடு வடக்கே போய் ஒருவன் சமாளிப்பதும் அதுதான். உண்மையில், அவளைப் போல அந்த வார்த்தையை வாழ்ந்து பார்த்தவர்கள் குறைவு. வாய் மட்டும் வேறு சொன்னது.

“ஒரு குறையும் இல்லாம, செழிப்பா இருக்குறது.”

“கார் வச்சிருக்கவங்க ‘ஏதோ ஓடுது’ம்பாங்களே, அந்த மாதிரியாக்கா?”

“அதேதான்.”

“போன்லயே தேடிப் பாக்கலாம்னு நெனச்சேன். நீங்க இருக்கையில அது எதுக்கு?” என்று சிரித்துக்கொண்டே போனாள் அவள்.

நாலு பேர் சிரிக்கட்டும், கண்ணுசாமியும் பார்க்கட்டும் என்று சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வீடியோவைத் திறந்தாள் அன்புமொழி. குழாயடி, மீன், துண்டு, எல்லாம் வழக்கம் போல.

“இத எனக்குச் சொல்லிக்குடுத்தது எங்க அன்புமொழி அக்கா. எம்.ஏ. படிச்சவங்க. அவங்கள்ட்ட கேக்காம நான் ஒரு வார்த்த போட மாட்டேன். மை அக்கா கெட்ஸ் பை. அப்படின்னா, எங்க அக்கா ஓகோன்னு இருக்காங்க!”

வீடியோவுக்குக் கீழே, பார்த்தவர்களெல்லாம் கருத்துப் போட்டுக் கும்மியடித்திருந்தார்கள். ‘அக்கா பாவம், கஞ்சிக்கே கஷ்டப்படுறாங்கன்னு அர்த்தம்.’ ‘இதுக்கு எம்.ஏ. வேறயா?’ அன்புமொழிக்கு முகமெல்லாம் எரிந்தது.

அதற்குள் சரண்யா அழுத கண்ணோடு கதவைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டாள். “அக்கா, எல்லாரும் தப்புங்குறாங்கக்கா.” பதில் சொல்லுமுன் அன்புமொழியின் போன் அடித்தது. கண்ணுசாமி.

“என்னம்மா, நீங்க சொல்லிக்குடுத்ததுன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. நெசமா?”

இல்லை என்றால், பக்கத்தில் நிற்கிறவளே கேட்டுக்கொண்டிருக்கிறாள். தெரிந்தேதான் மாற்றிச் சொன்னேன் என்றால் வேலையும் போகும், இந்த வாசலில் தலை நிமிர்ந்து நடக்கவும் முடியாது. பொறாமைக்காரி என்று பெயர் எடுப்பதைவிடப் படிக்காதவள் என்று பெயர் எடுப்பதே மேல் என்று அவளுக்குத் தோன்றியது.

“ஆமா சார். எனக்கு... அதுக்குச் சரியா அர்த்தம் தெரியல.”

“சரிம்மா, நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்” என்று அவர் வைத்துவிட்டார்.

சரண்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள்.

“விடுங்கக்கா. தெரியாததுல என்ன கேவலம்? இனிமே நீங்களும் எங்கூட ஒக்காருங்க. ரெண்டு பேரும் சேந்து கத்துக்குவோம்.”

எனக்குத் தெரியும்டி, உனக்கு முன்னாலேயே தெரியும் என்று ஊர் கேட்கக் கத்த வேண்டும் போலிருந்தது அன்புமொழிக்கு. சரி என்று தலையாட்டினாள்.