நான்கு சொட்டு

ஆய்வுக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவும் வேலை என்பதால், தெருவில் அவளுக்கு எலிக்காரி என்றே பெயர். எந்த எலி கடிக்கும், எது சும்மா பம்மாத்துக் காட்டும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவாள்.

அங்கே எலி ஒரு விசையை அழுத்தினால் அதன் உடம்பில் துளி போதைமருந்து ஏறும். சோறு தண்ணீர் மறந்து நாள் முழுக்க அழுத்தும். பிறகு புதிதாக ஒரு மருந்து வந்தது. மூளையில் போதை போய் ஒட்டுகிற இடத்தை அது முந்திக்கொண்டு அடைத்துவிடுமாம். அதைப் போட்ட எலிகள் விசையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எலிக்காரிக்குத் தம்பி ஞாபகம்தான் வந்தது.

தம்பி லாரி ஓட்டியவன். தூக்கத்தை விரட்ட மாத்திரை போட ஆரம்பித்து, லாரி கைவிட்டுப் போய் மாத்திரை மட்டும் மிஞ்சியது. பல்லைக் கடித்துக் கடித்தே இரண்டு கடைவாய்ப்பல் உடைந்திருந்தது. "இன்னையோட விட்டுடறேன்க்கா" என்று காலைப் பிடித்து அழுவான். மறுநாள் ஆளைக் காணாது. ஒருத்தி எத்தனை தடவைதான் நம்புவாள், பாவம்?

கழுவ வந்த அந்தப் புது மருந்துக் குப்பிகளின் அடியில் தேங்கியதைச் சேர்த்து, தினமும் அவன் டீயில் நான்கு சொட்டு விட்டாள். கூடிப்போனால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து பயந்து விட்டாள்.

"ஒண்ணுமே ஏறலக்கா. கலப்படம் பண்றானுங்க, களவாணிப் பயலுங்க" என்று மூன்றாம் நாள் தம்பி எரிந்து விழுந்தான். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்படிக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆறாம் நாள் மத்தியானம் குளியலறைக் கதவை உடைக்க வேண்டி வந்தது. வழக்கத்தைவிட மூன்று மடங்கு மாத்திரை போட்டிருந்தானாம், நெஞ்சு தாங்கவில்லை என்றார்கள்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குப் போனவள், ஆராய்ச்சி செய்யும் அம்மாவிடம் கேட்டாள். "அந்த மருந்து குடுத்தா விட்டுடும்தானேம்மா?"

"நிறைய குடுத்தா விட்டுடும். கொஞ்சமா குடுத்தா இன்னும் வெறியா அழுத்தும். பாதிதானே அடைபடுது? பழைய அளவு பத்தாம அதிகமா கேக்கும். மருந்து வந்த முதல் வாரம் கொஞ்சமாத்தான் குடுத்தோம், எலியெல்லாம் அப்படித்தான் பண்ணுச்சு. நீ அப்ப லீவுல இருந்தே."

ஆமாம், இருந்தாள். தம்பி வெளியே போய்விடாமல் வாசலை மறித்து உட்கார்ந்திருந்தாள், அந்த ஏழு நாளும்.

"ஏன் கேக்கறே?"

"சும்மாதாம்மா" என்றாள்.