காளானின் அடிப்பக்கம்

எங்கள் குடியிருப்பில் ஒருவருக்குக் காளானக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, நாங்கள் வைத்தது. பகலில் பல் டாக்டரின் உதவியாளர். ஊரார் வாயைத் திறக்கச் சொல்வது தொழில். தன் வாயை மூடத் தெரியாதது குணம். வேலை முடிந்தால் ஏதாவது மரத்தடியில் மல்லாந்து கிடப்பார். அலமாரித் தட்டு போல மரத்திலிருந்து நீட்டிக்கொண்டு நிற்குமே கட்டைக் காளான், அதில் எது எந்த வகை என்று கண்டுபிடிப்பதில் அப்படியொரு பித்து. கிளினிக்கில் கழித்துப்போட்ட குட்டிக் கண்ணாடியைக் காளானுக்கு அடியில் நீட்டி, துளையா மடிப்பா என்று பார்ப்பார். மேல்பக்கம் ஊருக்குக் காட்டும் முகம், அடிப்பக்கம்தான் நிஜம் என்பது அவர் கட்சி.

இந்த உலகம் அவரிடம் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி.

"அக்கா, இதைச் சாப்பிடலாமா?"

"கட்டை மாதிரி இருக்கும்பா. சாப்பிட முடியாது."

"அப்புறம் எதுக்குப் பார்க்கறீங்க?"

காய்கறிக்காரர் கேட்டார், தபால்காரர் கேட்டார், தாலி கட்டியவரும் கேட்டார். தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழியிருக்கவில்லை.

குடியிருப்பின் கேட்டருகே பெரிய மரம். அதன் அடியில் ஒரு பெஞ்சு. பெஞ்சில் எந்நேரமும் செய்தித்தாளும் கையுமாகக் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் மாமனார். செயலாளருக்கு அந்த மரத்தைக் கண்டாலே ஆகாது; காரின் மேல் இலை கொட்டுகிறது. பெஞ்சுக்குப் பின்னால், அடிமரத்தில், சாப்பாட்டுத் தட்டளவுக்கு ஒரு காளான் அவர் கண்ணில் பட்டதும் கிடைத்தது சாக்கு. கூட்டத்தைக் கூட்டிவிட்டார்.

"மரத்துக்கு நோய். வெட்டிடணும்."

காளானக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. "செத்த கட்டையை மட்டும் தின்கிற வகை சார் அது. மரம் கல்லு மாதிரி இருக்கு!" என்று ஆரம்பித்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் முழங்கினார். ஒரே கைதட்டல். மரம் பிழைத்தது. தோற்றுப்போன செயலாளர், காளானைப் பெயர்த்துக் குப்பையில் எறியச் சொல்லி, அந்த இடத்தில் வெள்ளைப் பெயின்ட் அடித்து, நோய் குணமாகிவிட்டதாக அறிவித்தார். ஆடுகிற பல்லுக்குச் சுண்ணாம்பு பூசியதுபோல.

காளானக்கா குப்பைத் தொட்டியிலிருந்து காளானை மீட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். அங்கேதான் அதன் அடிப்பக்கத்தை முதன்முதலாகப் பார்த்தார். ஆமாம், முதன்முதலாக. பெஞ்சில் பெரியவர் இருக்க, அவர் காலடியில் மல்லாந்தால் மயக்கம் என்று நினைத்து முகத்தில் தண்ணீரை அடித்துவிடுவாரே என்று கூச்சப்பட்டு, மேல்பக்கத்தை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வந்து முழங்கியிருக்கிறார் மகராசி.

அடிப்பக்கம் வெள்ளை. நகத்தால் கீறினார், கோடு பழுப்பாக மாறியது. கூட்டத்தில் அவர் சொன்ன வகையில் கோடு இப்படி மாறாது. காளானை வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பாத்திரத்தால் மூடினார்.

"சாப்பாட்டு மேசையில என்னம்மா இது?" என்றார் கணவர்.

"காளானோட விதைத்தூள் என்ன நிறத்துல கொட்டுதுன்னு பார்க்கறேங்க. வெள்ளையா கொட்டினா தப்பிச்சோம்."

"பழுப்பா கொட்டினா?"

"அடிமரம் உள்ளுக்குள்ள அழுகிட்டிருக்குன்னு அர்த்தம். என்னைக்கு வேணா அந்தப் பெரியவர் தலைமேல சாயும்."

காலையில் தாளில் காப்பிப்பொடி போலப் பழுப்புத் தூள்.

தாளைத் தூக்கிக்கொண்டு செயலாளர் வீட்டுக்கு ஓடினார். "மரத்தை வெட்டணும் சார். நான் சொன்னது தப்பு."

"விளையாடறீங்களா? அத்தனை பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டு, இப்ப தப்புங்கறீங்க. தீர்மானம் போட்டாச்சு. அடுத்த வருஷக் கூட்டத்துல பேசுங்க."

"அதுவரைக்கும் மரம் நிக்கணுமே சார்!"

"கல்லு மாதிரின்னு நீங்கதானே சொன்னீங்க?"

பெஞ்சையாவது நகர்த்தலாம் என்று கணவனும் மனைவியுமாக மூச்சு வாங்க இழுத்துப்போய்ச் சுவரோரம் போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு வந்த பெரியவர், "என் பெஞ்சை எவன்டா தொட்டது?" என்று வாட்ச்மேனைப் பிடித்து உலுக்கி, பழைய இடத்திலேயே போடவைத்துச் சட்டமாக உட்கார்ந்துகொண்டார்.

காளானக்கா பொறுமையின் கடைசி நுனியில் நின்றார். "ஐயா, உங்க கைத்தடியால மரத்தை ஒரு தட்டு தட்டுங்க. மேல."

தட்டினார். டொக்.

"இப்ப பெயின்ட் அடிச்ச இடத்துல."

தட்டினார். காலி டின் போலச் சத்தம் வந்தது. இன்னொரு முறை தட்டினார். செய்தித்தாளை மடித்தார். எழுந்து நாலு அடி தள்ளி நின்றுகொண்டு, "மாப்பிள்ளே!" என்று ஒரு குரல் கொடுத்தார். அடுத்த வருஷம் பேசலாம் என்றவர், காலில் செருப்புக்கூட இல்லாமல் ஓடி வந்தார்.

மறுநாளே மரத்தை வெட்டினார்கள். அடிமரம் உள்ளே பஞ்சாக உதிர்ந்தது. காளானக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றார். பக்கத்திலேயே செயலாளர் எல்லோரிடமும், "நான் முதல்லயே சொன்னேன்ல? யாரு கேட்டா?" என்று அலுத்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் குனிந்து, வேரில் ஒட்டியிருந்த ஒரு குட்டிக் காளானைப் பிடுங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இதைச் சாப்பிடலாமா?"

காளானக்கா பல்லைக் கடித்தார்.

"தாராளமா சாப்பிடுங்க ஐயா. மாப்பிள்ளைக்கும் ஒண்ணு குடுங்க. கடிச்சதும் ரெண்டு பேரும் நேரா எங்க கிளினிக்குக்கு வந்துடுங்க."