கூடுதலாக ஒரு பக்கம்

என் அக்கா இருபது வருடத்தில் நாற்பத்தோரு காதல் நாவல் எழுதினாள். எல்லாம் அடுப்படி மேடையில் தாளை வைத்து, நின்றுகொண்டே எழுதியவை. கடைசி வரிக்குக் கீழே "சுபம்" மட்டும் பதிப்பாளரே போட்டுக்கொள்வார். அத்தான் ஒரு பக்கம்கூடப் புரட்டியதில்லை. "வேலையத்தவ, கிறுக்கிட்டிருக்கா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

நாற்பத்திரண்டாவது நாவலில் நாயகி, வீட்டுச் சாவியைக் கணவனின் மேசையில் வைத்துவிட்டு வெளியேறினாள். அது அக்காவின் சொந்தக் கதை, வெளியேறியதைத் தவிர. புத்தகம் அச்சாகி வந்தபோது கூடுதலாக ஒரு பக்கம் இருந்தது. அதில் நாயகி தெருமுனைவரை போய், திரும்பி வந்து, அழுது, கணவனிடம் மன்னிப்புக் கேட்டாள். கீழே சுபம்.

அக்கா பதிப்பாளருக்கு போன் போட்டுக் கத்தினாள்.

"படிக்கிற பொம்பளைங்க மனசு உடைஞ்சிடும்மா. அதான் நானே சேத்து வச்சிட்டேன்" என்றார் அவர்.

சத்தம் கேட்டு வந்த அத்தான், முதன்முறையாகப் புத்தகத்தை எடுத்தார். கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தார்.

"பரவாயில்லையே, இப்பதான் உருப்படியா எழுதியிருக்கே. சரி, டீ போடு."

அக்கா டீ போட்டாள். அதன்பின் ஒரு வரிகூட எழுதவில்லை.

சுபமாம், சுபம்!