தாய்மாமன் மடியில் தடுப்பூசி

எங்கள் பக்கம் காதுகுத்துக்குத்தான் தாய்மாமன் மடி வேண்டும். தடுப்பூசிக்கும் அது வேண்டுமென்று அடம்பிடித்தவர், நானறிந்து, என் அம்மா ஒருவர்தான்.

பேரையூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கு அப்போது எட்டு வயது. சுகாதாரத்துறை ஜீப்பில் நர்ஸம்மாவும், ஊசிமருந்து தயாரிக்கும் கம்பெனியிலிருந்து ஒருவரும் வந்திருந்தார்கள். அரசாங்கமும் கம்பெனியும் சேர்ந்து ஊர் ஊராக முகாம் நடத்துவதாக அப்பா சொன்னார். கைக்குழந்தையான என் தம்பிக்கு அன்று முத்தடுப்பூசி. நான் போனதென்னவோ பள்ளிக்கூட மேஜைமேல் இருந்த நீலப் பெட்டியைப் பார்க்கத்தான்.

கம்பெனிக்காரர் மூடியைத் திறந்தார். அந்தச் சித்திரை வெயிலில் வெள்ளையாகப் புகை எழும்பியது. உள்ளே விரல் உயரத்தில் கண்ணாடிக் குப்பிகள். செய்த இடத்திலிருந்து ரயிலேறி, லாரியேறி, எங்கள் ஊர் மேஜைக்கு வரும்வரை அந்த மருந்தை விட்டுக் குளிர் போகவே இல்லை என்றார். நான் வாயைப் பிளந்தேன். நான் வாங்கும் குச்சி ஐஸ் வீடு வந்து சேர்வதற்குள் வெறும் குச்சியாகிவிடும். முகம் தெரியாத எத்தனையோ பேர் என் தம்பிக்காகக் குளிரைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள்! இன்று நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

தம்பியின் முறை வந்தபோது அம்மா அவனைப் பிடித்த பிடியைத் தளர்த்தவில்லை.

“எங்க அண்ணே வரட்டும். அவுக மடியில வச்சுத்தான் ஊசி.”

“ஏத்தா, ஊசி போடுறமா, காது குத்துறமா?” என்று நர்ஸம்மா சிரித்தார். அப்பாவுக்கு மானம் போயிற்று. மாமா இருந்தது மதுரை வில்லாபுரத்தில். முதல்நாளே ஆள்விட்டுச் சொல்லி அனுப்பியிருந்தார் அம்மா. உச்சிக்கு ஜீப் அடுத்த ஊருக்குப் போய்விடும். மறுபடி எப்போது வருமோ, யாருக்கும் தெரியாது. கம்பெனிக்காரர் அம்மாவின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு பெட்டியை மூடி, இந்தக் குழந்தைக்குக் கடைசியில் போடலாம் என்றார்.

டிரைவர் இரண்டாவது தடவை ஹாரன் அடித்தபோது மாமா வந்து சேர்ந்தார். மஞ்சுவிரட்டில் திமிலைத் தழுவி மாடு அணைகிற ஆள். ஊசிக்கும் சீர் உண்டென்று நினைத்தாரோ என்னவோ, கையில் ஒரு சீப்புப் பழம். ஆனால் வாசற்படி தாண்டவில்லை. எனக்குக் காது குத்தியபோதும் இப்படித்தான், சீரைக் கொடுத்துவிட்டுப் பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டார். ஒன்றுவிட்ட மாமாதான் மடி கொடுத்தார்.

“வேணாம் தாயி. என் மடி வேணாம்.”

“உக்காருண்ணே,” என்றார் அம்மா.

உட்கார்ந்தார். அம்மா தம்பியை மடியில் வைத்தார். ஊசி இறங்கியதும் தம்பி வீறிட்டான். அவனுக்கும் மேலாக மாமா தேம்பித் தேம்பி அழுதார். மாடு அணைகிறவருக்கு ஊசி என்றால் இம்புட்டுப் பயமா என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

பின்னாளில்தான் தெரிந்தது, எனக்கு முன்னால் ஓர் அண்ணன் இருந்தானாம். தொண்டை அடைப்பான் நோய் வந்து, மாமாதான் அவனைத் தூக்கிக்கொண்டு மதுரை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறியிருக்கிறார். திருமங்கலம் வருவதற்குள் அவர் மடியிலேயே அவன் மூச்சு அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் எந்தப் பிள்ளையையும் தூக்கியதில்லை. குப்பியில் இருந்தது அந்த நோய்க்கும் சேர்த்த மருந்து. அது அம்மாவுக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும். நான் பெட்டியில் எழும்பிய புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.