நோவாவின் பிள்ளைகளுக்கு ஏழு

எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே, அப்பா இறந்த கையோடு, அம்மா இஸ்ரேலுக்கு வேலைக்குப் போய்விட்டாள். எருசலேமில் தனியாக இருந்த ஒரு வயதான யூத அம்மாளைக் கவனித்துக்கொள்ளும் வேலை. நான் கம்பத்துக்குப் பக்கத்தில் பெரியம்மா வீட்டில் வளர்ந்தேன். முதல் விடுப்பில் அவள் வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. போனில் பார்த்துப் பழகிய முகம் நேரில் வந்து, என்னிடம் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் பெரியம்மா ஆட்டுக்கறியில் தயிரை ஊற்றப் போனாள். அம்மாவின் கை பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது.

"ஏத்தா, வேதம் மாறிட்டியா?" என்றாள் பெரியம்மா.

"இல்லக்கா, கைப்பழக்கம். அங்கன கறியும் பாலும் சேரக் கூடாது. சட்டி, கரண்டிகூடத் தனித்தனி."

பெரியம்மா தயிரை ஊற்றத்தான் செய்தாள். அம்மா கதை சொன்னாள். யூதர்களுக்கு அறுநூற்றுப் பதிமூன்று கட்டளைகளாம். சனிக்கிழமை அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, சுவிட்சைத் தொடக் கூடாது. பெருவெள்ளத்தில் தப்பிய நோவாவின் பிள்ளைகளான மற்ற எல்லாருக்கும் ஏழே ஏழுதானாம். கொலை, களவு கூடாது, உயிரோடிருக்கும் மிருகத்தில் அறுத்துத் தின்னக் கூடாது, ஊரில் நீதிமன்றம் இருக்க வேண்டும், இப்படி.

"அப்ப நம்ம பாடு பரவாயில்ல" என்றபடி, பெரியம்மா வேலிக்கு மேல் கையை நீட்டிப் பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலையில் ஓர் ஈர்க்கு ஒடித்தாள்.

"கேட்டுட்டா ஒடிச்ச?"

"ஒரு ஈர்க்குக்கா?"

"அங்கனதான் இருக்கு சங்கதி. சல்லிக்காசு பெறாதத யூதர்கள்ல ஒருத்தர் எடுத்தா கோர்ட்டு கண்டுக்காதாம். ஏழு உள்ளவுக எடுத்தா அதுவும் களவுதான். தண்டனை மரணம்னு பழைய ஏட்டுல இருக்குன்னு வீட்டுக்காரம்மா சொன்னாக."

"இதென்ன நியாயம்? அறுநூறுக்குத் தள்ளுபடி, ஏழுக்குக் கெடுபிடியா?"

"நானும் கேட்டேன். நிறையச் சுமக்கிறவுக கையில ஒண்ணு ரெண்டு நழுவும், ஏழ மட்டும் வச்சிருக்கவ நழுவவிடலாமான்னு சிரிச்சாக."

பெரியம்மா முணுமுணுத்துக்கொண்டே வேலிக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்து, அனுமதி வாங்கிய பிறகுதான் தாளித்தாள்.

விடுப்பு முடிந்தது. கிளம்பும் நாள் காலையில் அம்மா எனக்குத் தலை பின்னினாள். பல நாளாக மனதில் உருட்டிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கேட்டேன்.

"பிள்ளைய விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு அந்த ஏழுல இருக்காம்மா?"

சீப்பு நின்றது. அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"இல்லத்தா."

"அறுநூத்திப் பதிமூணுல?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லத்தா."

எனக்குப் பெரிய நிம்மதி. அத்தனை கெடுபிடியான சட்டத்திலும் அவள் மாட்டவில்லை.

"அப்ப நீ ஒரு தப்பும் பண்ணலம்மா" என்றேன்.

அவள் சீப்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பின்னாலிருந்து இறுகக் கட்டிக்கொண்டாள். நான் சொன்னது அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று நினைத்து, இன்னொரு முறையும் சொன்னேன்.