மச்சான் பார்த்துக்கொண்ட ஸ்கேனர்கள்

மச்சான் தன் நீலக் கட்டம் போட்ட கைலியின் நுனியை ஸ்கேனர் கண்ணாடியில் விரித்து, மூடியைச் சாத்திவிட்டு, இடுக்கில் ஓடும் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கட்டங்கள் திரையில் நேராக வந்தால் முகம் மலரும். கொஞ்சம் நெளிந்தால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சிரிப்பு கிடையாது. கட்டியிருக்கும் கைலியை அவிழ்க்காமலே இந்தச் சோதனை நடக்கும் என்பதால் அவரும் மிஷினோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ராத்தா தலையில் அடித்துக்கொள்வாள்.

ராத்தா என் கூடப்பிறந்த அக்கா. பர்மாவில், யாங்கோன் நகரத்து லத்தா பக்கம் ஒரு மாடி வீட்டில் இருவரும் குடியிருந்தார்கள். மச்சானுக்குப் பகலெல்லாம் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை, மனசெல்லாம் வேறு இடத்தில். கம்பெனிகள் கைகழுவிய பழைய ஸ்கேனர்கள் புதுக் கம்ப்யூட்டரில் ஓட, டிரைவர் என்றொரு மென்பொருள் வேண்டும். யாரும் படிக்கலாம், திருத்தலாம், காசு கிடையாது என்று உலகத்துக்கே திறந்துவிட்ட அந்த மென்பொருளில் சில பழைய மாடல்களுக்கு மச்சான்தான் பொறுப்பு. எங்கெங்கிருந்தோ ஆட்கள் திருத்தம் அனுப்புவார்கள். தன் மிஷினில் ஓட்டிப் பார்க்காமல் எதையும் ஏற்கமாட்டார். "மிஷின் கையில இல்லாமத் திருத்துறது, ஆளைப் பாக்காம மருந்து குடுக்குற மாதிரி" என்பார். அதற்காகவே நடைபாதைக் கடைகளில் தேடித் தேடி வாங்கிய ஸ்கேனர்கள் கட்டிலுக்கு அடியில்கூட இடம் பிடித்துவிட்டன.

கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்ததும் தெருவே "மீலாபீ", கரண்டு வந்தாச்சு என்று பர்மியில் குரல் கொடுக்கும். எல்லா வீட்டிலும் தண்ணீர் மோட்டார் ஓடும், சோறு வேகும். இவர் ஸ்கேனரைப் போடுவார். "குளிக்கத் தண்ணி இல்ல, இவருக்கு வெளிச்சம் ஓடணுமாம்" என்று ராத்தா பொரிந்து தள்ளுவாள். "எவனோ ஒருத்தன் வீட்ல இது ஓடணும்ல" என்பார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

சிறுநீரகம் கெட்ட பிறகு பொறுப்பைக் கொடுக்க ஆள் தேடினார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் மட்டும் சம்மதித்தார். அவரிடம் அந்த மாடல்கள் இல்லை. இங்குள்ள மிஷின்களையே இணையம் வழியாக இயக்கிக்கொள்வார், கண்ணாடியில் துணியை விரிக்க மட்டும் வீட்டில் ஓர் ஆள் வேண்டும். மச்சான் அதை ராத்தாவிடம் கேட்கவே இல்லை. கேட்டால் தன் சாவைப் பற்றிப் பேசியதாகிவிடுமே. ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்றும், "ரெண்டு நாள்ல வந்துருவேன், எதையும் தொடாத" என்றுதான் சொன்னார். அங்கேயே மௌத்தாகிவிட்டார்.

புருஷன் போனபின் வீட்டோடு இத்தா இருந்த நாளெல்லாம் ராத்தாவுக்கு ஒரே புலம்பல். "ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாரே. போறோம்னு தெரிஞ்சா சொல்லாம இருப்பாரா?" அந்தத் தடவை திரும்பமாட்டோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது என்று சொல்லித்தான் நாங்கள் அவளைத் தேற்றினோம். நானும் அப்படித்தான் நம்பினேன்.

இத்தா முடிந்ததும் ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் என் வீட்டுக்கு அவளை அழைத்துவந்தேன். ஸ்கேனர்களை எடைக்குப் போட்டுவிடலாம் என்றேன். துக்கம் கேட்டு எழுதிய வெளிநாட்டுக்காரர் துணி விரிக்கும் விஷயத்தையும் சொல்லியிருந்ததால் அவள் விடவில்லை. "நான் விரிக்கிறேன்" என்றாள். நான் அசந்துபோனேன். சாமான் வண்டி பாலம் நெடுகக் குலுங்கிக் குலுங்கி வந்தது. வீட்டில் முதல் மிஷினைப் போட்டதும் கறகறவென்று சத்தம். உள்ளே விளக்கு நகரவில்லை. அடுத்ததும் அப்படியே. வண்டியில் எல்லாம் உடைந்துவிட்டது என்றே நினைத்து, வெளிநாட்டுக்காரருக்கு எழுதிக் கேட்டேன். மிஷினைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் ஒரு சின்னப் பூட்டு இருக்கும் என்று பதில் வந்தது. இடம் மாற்றும்போது உள்ளே விளக்கு ஆடி உடையாமலிருக்க அதைப் பூட்டுவார்களாம். வேறெதற்கும் பூட்டுவதில்லையாம்.

எல்லா மிஷினும் பூட்டியிருந்தது. அப்படியொரு பூட்டு இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

ராத்தா ஒரு ஸ்கேனரை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அன்னிக்கு டாக்சி வந்து நிக்குது, இவரு ரூமை விட்டு வரல. ஒவ்வொண்ணாத் திருப்பித் திருப்பி வச்சுக்கிட்டிருந்தாரு. ஆஸ்பத்திரிக்குப் போற நேரத்துலயும் மிஷினான்னு திட்டினேன்" என்றாள். எனக்குத் தாங்க முடியவில்லை. ஏதாவது செய்தால் தேவலை என்று பூட்டைத் திறக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு புள்ள. அவரு கையால பூட்டினது. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்."